வடக்கு ஜன்னலும் புது டிவியும்

புது டிவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் யாரோடும் நிதானமாகப் பேசியதாக நினைவில்லை. முப்பத்திரண்டு அங்குலம், கறுப்புச் சட்டம், சுவரில் மாட்டியது. அதில் தெரிந்தவர்களில் ஒருவருக்காவது மனிதத் தோலின் நிறம் இருக்கவேண்டுமே, இல்லை. செய்தி வாசிக்கிற பெண்ணின் கன்னம் சாம்பல் பூத்திருந்தது. சீரியலில் அழுகிற மாமியாரின் நெற்றி பச்சை. இருட்டுக் காட்சி வந்தால் நாலு பேர் பேசுகிற சத்தம் கேட்கும், பேசுகிற வாய் ஒன்றும் தெரியாது. கறுப்புத் தலைமுடி வெள்ளியாக மின்னும். ஒரு நகைக்கடை விளம்பரத்தில் தங்கம் ஈயமாக இருந்தது. அந்தக் கடைக்காரர் பார்த்திருந்தால் வழக்குப் போட்டிருப்பார்.

வாங்கி வந்தவர் என் மாப்பிள்ளை. எங்களுடைய பழைய குண்டு டிவி ஒரு நாள் பட்டென்று சத்தம் போட்டுச் செத்தது. அதைப் பழைய சாமான்காரன் தூக்கிப்போன மறுநாளே, ஸ்கூட்டரில் தனக்கும் என் மகளுக்கும் நடுவில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பண்டிகைத் தள்ளுபடியாம். இருக்கிறதிலேயே விலை கம்மி, ஆனால் படம் பிரமாதம் என்று கடையில் சொன்னார்களாம். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மாப்பிள்ளை பிரியமாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்லலாமா என்று என் மனைவி கேட்டாள். சொல்லலாம். பச்சையாக இருக்கிற நெற்றி, யார் காசில் வந்தாலும் பச்சைதான்.

மாட்ட வந்த ஆள் அதைப் பரணுக்குக் கீழே, ஆள் உயரத்துக்கும் மேலே மாட்டினான். பழைய டிவி உட்கார்ந்திருந்த சிமெண்டுப் பலகை அங்கேதான் இருந்தது. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கை எட்டக்கூடாது என்று நான்தான் அத்தனை உயரத்தில் பலகையும் ப்ளக்கும் வைக்கச் சொன்னேன். அந்தப் பலகையை இடித்துவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்டினான். கீழே இறக்கினால் ஒயர் எட்டாது என்றான்.

"மேலயே இருக்கட்டும் மாமா. தெருவுல போறவங்களுக்கும் தெரியணும் இல்ல?" என்றார் மாப்பிள்ளை.

தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்கு என் வீட்டில் டிவி.

இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று நினைப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லவேண்டும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பகுதியில், முப்பத்து நான்கு வருஷம் நிறம் பார்த்துப் பாஸ் செய்தவன் நான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் கைப்பிடி அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு அனுப்புவார். இங்கே சாயம் ஏற்றி, ஸ்ப்ரே அடித்து, காயவைத்து வருகிற ஆயிரம் தோலும் அந்தத் துண்டின் நிறத்தில் இருக்கவேண்டும். ஒரு இழை சிவப்பு ஜாஸ்தியானால் வலது கால் ஷூ ஒரு நிறம், இடது கால் ஷூ ஒரு நிறம். லாட் முழுக்கத் திரும்பி வரும். அதற்காக எங்கள் ஹாலில் வடக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். காலை வெளிச்சத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, தோலை முதலில் நேராகப் பார்க்கவேண்டும். பிறகு தூக்கிச் சாய்த்து, கீழேயிருந்து ஒரு தரம் பார்க்கவேண்டும். பளபளப்பு ஏற்றிய தோல் நேரே ஒரு நிறம் காட்டும், சாய்த்தால் வேறு நிறம் காட்டும். இரண்டும் பார்த்தவன்தான் பாஸ் என்று சொல்லலாம்.

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. வியாழக்கிழமைதோறும் கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கு வரும். போய் லாட்டுகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவேன். கொடுக்கிற பணம் பெரிதில்லை. தெருவில் அந்த வண்டி வந்து நின்று ஹாரன் அடிப்பது எனக்குப் பெரிது. வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் மாத்திரை சாப்பிடுகிற ஒரு கிழவன். வியாழக்கிழமை மட்டும், நான் தலையாட்டினால்தான் லாரி நகரும்.

டிவி வருவதற்கு முந்தின மாதம் எனக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. நன்றாக ஆனது. குனியாதே, கனம் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால், துணி போட்ட சாய்வு நாற்காலியில், டிவி மாட்டிய சுவருக்கு நேர் எதிரே, நாள் முழுக்கச் சாய்ந்து கிடந்தேன். அறை பத்துக்குப் பத்து. நாற்காலியில் சாய்ந்தால் டிவியை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும்.

மாட்டிய அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்து வாசற்படியில் ஷூவோடு நின்றார். அவரும் அதே தொழிற்சாலைதான், டெஸ்பாட்ச் பகுதி.

"படம் எப்படி மாமா?"

"படமா? ஆளுங்க எல்லாம் சுண்ணாம்புல ஊறப்போட்ட தோல் மாதிரி இருக்கானுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சூப்பரா இருக்குதே மாமா! கண்ணாடி மாதிரி இருக்குது."

அப்போது ஒரு பட்டுச்சேலை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் இடைவேளைக்கு இடைவேளை வருகிற விளம்பரம்.

"அந்தப் பொண்ணு கட்டியிருக்கிற சேலை என்ன கலர், சொல்லுங்க."

"மெரூன்."

"எனக்குப் பாசி கலர்ல தெரியுது."

அவர் டிவியை விட்டுவிட்டு என் வலது கண்ணைப் பார்த்தார். தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஒரு குரல் என்னை எண்களுக்குள் சுற்றவிட்டது. கடைசியில் ஒரு பெண் வந்து, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். அந்த அழைப்பில் மட்டும் அதை ஐந்து தரம் சொன்னாள். வருந்துகிற குரல் இல்லை அது. நானே ரிமோட்டை எடுத்து உள்ளே போய் வெளிச்சத்தை ஏற்றினேன், முகங்கள் வெளுத்துப்போயின. நிறத்தை ஏற்றினேன், உதடுகள் எரிந்தன. கூர்மை என்று ஒன்று இருந்தது. அதை ஏற்றியதும் எல்லோருக்கும் முகத்தில் அம்மை போட்டது. பழையபடி வைக்கப் போய் டிவி மலையாளத்துக்கு மாறிக்கொண்டது.

"எனக்குக் கதைதான வேணும், கலர் எதுக்கு? அதை நோண்டாதீங்க," என்றாள் மனைவி. அவள் சமையலறை வாசலில் காய் நறுக்கிக்கொண்டே சீரியல் கேட்கிறவள். பார்க்கிறவள் இல்லை.

ரிப்பேர்க்காரர் ஒருவர் காட்பாடியிலிருந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறி, டிவிக்கு நேரே முகத்தை வைத்து, ரிமோட்டை அழுத்தினார். இறங்கி, டிவிக்கு எதிரே நின்றபடியே இன்னொரு தரம் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்குது சார்."

"கரெக்டா? அந்தாள் முகத்தைப் பாருங்க, செத்தவன் மாதிரி இல்ல?"

"நல்லாத்தான் சார் இருக்காரு." பிறகு என் மனைவி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "பெரியவருக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுங்களாம்மா?"

"போன மாசம்," என்றாள் இவள், கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே.

"அதான்," என்றார் அவர். பையை மூடிவிட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று போனில் கேட்டார்கள். ஒன்று போட்டேன். பூஜ்யம் போட அதில் வழி இல்லை.

இதுவரைக்கும்கூட டிவி ஒரு டிவியாகத்தான் இருந்தது. புதன்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு வண்டி வராதாம். மேனேஜர் உங்களை ரெஸ்ட் எடுக்கச் சொன்னாராம்."

"நான் கேட்டனா ரெஸ்ட்டு?"

"இவர்தான்பா சும்மா பேச்சுவாக்குல சொல்லியிருக்காரு. மெரூனைப் பாசின்றாருன்னு. உங்க நல்லதுக்குத்தான். தப்பா ஏதாவது பாஸ் பண்ணிட்டா உங்க பேர்தான கெடும்?"

போனை வைத்துவிட்டேன். வாசலில் ஷூவோடு நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போன ஆள், முப்பத்து நான்கு வருஷத்தை ஒரு பேச்சுவாக்கில் முடித்துவிட்டார். அதுவும் எதை வைத்து? தள்ளுபடியில் வாங்கிய ஒரு டப்பாவை வைத்து.

என்னிடம் பழைய மாதிரித் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. அதிலிருந்து பழுப்பில் ஒன்பதை எடுத்தேன். ஒன்றுக்கொன்று மயிரிழைதான் வித்தியாசம். பின்னால் நம்பர் எழுதியிருக்கும். அவற்றைக் கலைத்துப்போட்டு, எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில், டவலைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்துக்கொண்டு, வெளுப்பிலிருந்து கறுப்புக்கு வரிசைப்படுத்தினேன். வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். ஆபரேஷன் ஆகாத இடது கண்ணுக்கு எல்லாம் ஒரு டீக்கறை படிந்ததுபோல் இருந்தது உண்மை. ஆனால் வரிசை மாறவில்லை. திருப்பிப் பார்த்தால் நம்பர்கள் இரண்டு தரமும் ஒழுங்காக நின்றன. அப்படியே வந்து நாற்காலியில் சாய்ந்து டிவியைப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் அந்தச் சேலை பாசிதான்.

என் கண் சரி. இதை யாரிடம் சொல்வது? கண் போனவன் ஒவ்வொருவனும் இதைத்தான் சொல்வான்.

மறுநாள் வியாழன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், வியாழக்கிழமைக்குப் போடுகிற சட்டை அது. வண்டி வருகிற நேரத்தில் தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. எழுந்தேவிட்டேன். பால் வண்டி. எதிர்ச் சுவரில் அந்தச் சனியன் சமையல் நிகழ்ச்சி காட்டிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் மீன்குழம்பு என்று சொல்லிச் சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அதை அணை!" என்று கத்தினேன்.

"ரிமோட்டை எங்க வெச்சீங்களோ, நீங்களே தேடுங்க," என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

ரிமோட் தேவையில்லை. ப்ளக்கையே பிடுங்கி எறிந்துவிடலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ப்ளக்கில் கையை வைத்தபோது முகத்துக்கு நேரே மீன்குழம்பு கொதித்தது. சிவப்பாக. மிளகாய் எண்ணெய் மேலே மிதக்க, நல்ல சிவப்பு. கிண்டுகிற அம்மாளின் கை மாநிறம். வளையல் தங்கம், ஈயம் அல்ல.

கையை எடுத்தேன். முழங்காலை மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்தேன். குழம்பு கறுத்தது. இன்னும் தாழ்ந்தேன், சேறு. எழுந்தேன், சிவப்பு. தாழ்ந்தேன், சேறு.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாங்க இது, ஸ்டூல் மேல ஏறி டிவிக்குத் தோப்புக்கரணம் போடுறீங்க? டாக்டர் குனியாதன்னு சொன்னாரா இல்லியா?"

எனக்கு வந்த கோபத்தில் பாதி இப்போது என் பக்கமே திரும்பியிருந்தது. நேராகப் பார், சாய்த்துப் பார் என்று புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவனையும் விரட்டியவன் நான். நாற்காலியைவிட்டு எழுந்து நின்று ஒரு தரம் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மலிவான கண்ணாடி, பளபளப்பு ஏற்றின மட்டத் தோல் மாதிரி, நேரே ஒரு நிறமும் கீழேயிருந்து ஒரு நிறமுமாகக் காட்டியிருக்கிறது. தெருவில் போகிறவனுக்குப் பரவாயில்லாமல் தெரியும். வீட்டுக்காரன் மட்டும் அண்ணாந்து பார்த்து ஏமாறவேண்டும்.

மீதிக் கோபம் அப்படியே மாப்பிள்ளை பேரில் இருந்தது. அவரும் தோல் வேலைக்காரர்தானே? அவர் ஏன் உட்கார்ந்து பார்க்கவில்லை? அதற்கும் விடை உடனே தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. மாமனார் முன்னால் நிற்பதுதான் அவருக்கு மரியாதை. தீபாவளிக்கு வந்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே உட்காருவார், அப்போதும் இலையைத்தான் பார்ப்பார். அந்த மரியாதையில் என் வேலை போனது.

சாயங்காலம் வரச்சொன்னேன். வந்தார். மகளும் கூட வந்து தன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர் வழக்கம்போல வாசற்படியில் நின்றார்.

"ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க மாப்பிள்ளை."

"இல்ல மாமா, ஷிப்டுக்கு டைம் ஆயிடுச்சு."

"என் வேலையைப் பிடுங்க டைம் இருந்துதில்ல? உள்ள வாங்க."

வந்தார். முகம் சுருங்கியிருந்தது. சாய்வு நாற்காலியைக் காட்டினேன்.

"உக்காருங்க."

"ஐயோ, உங்க சேர்லயா? பரவால்ல மாமா, நான் நிக்கிறேன்."

"நின்னதுதான் தப்பே. உக்காருங்க."

நுனியில் உட்கார்ந்தார், பரீட்சை எழுத வந்தவர் மாதிரி. "சாய்ஞ்சு," என்றேன். சாய்ந்தார். துணி நாற்காலி அவரை இழுத்துக்கொண்டது, முழங்கால் இரண்டும் மேலே வந்தன. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நின்றேன். அவர் உட்கார்ந்திருக்க நான் நின்றது அதுதான் முதல் தரம்.

செய்தி ஓடியது. அவர் கண்ணைக் கசக்கினார். தலையை இடம் வலமாக ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமா, அந்தப் பொண்ணுக்கு மீசை இருக்குது?"

"நிழல். இருங்க, விளம்பரம் வரட்டும்."

கடைசியில் விளம்பரம் வந்தது. கோயில் மண்டபம், குத்துவிளக்கு, அந்தப் பெண், அந்தச் சேலை.

"என்ன கலர்?"

அவர் எழப்பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தினேன். "உக்காந்துகிட்டே சொல்லுங்க."

"பாசி," என்றார், தொண்டைக்குள்ளே.

"கேக்கல."

"பாசி மாமா. பாசி."

"மேனேஜருக்குப் போன் போடுங்க. எனக்கும் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டார், மணி அடித்தது. எங்கள் மேனேஜர் பாய் என் கையில் வேலை கற்றவர் அல்ல, பெங்களூரிலிருந்து வந்தவர், ஆனாலும் நல்ல மனுஷர். மாப்பிள்ளை நாற்காலிக்குள் கிடந்தபடியே பேசினார். "பாய், மாமாவோட கண்ணு சரியாத்தான் இருக்குது. டிவியிலதான் கோளாறு. கீழருந்து பார்த்தா கலர் மாறுது. நான் நின்னுகிட்டே பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நல்லா பேஜார் பண்ணிட்டீங்கப்பா. ஒரு டிவியை நம்பி மனுஷனை நிறுத்திட்டீங்களே! இங்க டான் கலர் லாட்டு ஒண்ணு ரெண்டு விதமா நிக்குது, லாரி காத்துகிட்டு இருக்குது. அவரால நாளைக்கு வர முடியுமா, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் இரண்டு நாள் நன்றாக இருந்திருக்கும்.

"வண்டியைக் காலையிலயே அனுப்பச் சொல்லுங்க. வெயில் ஏறினப்புறம் நான் பார்க்க மாட்டேன்," என்றேன்.

வண்டி வந்தது. வாசலில் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அந்த இளம்பழுப்பு டான் லாட்டை நேராகவும் பார்த்தேன், சாய்த்தும் பார்த்தேன். பாதி பாஸ், பாதி மறுபடி ஸ்ப்ரேக்கு. லாரி பாதிச் சுமையோடுதான் போனது. அதற்கும் மேனேஜர் முனகினார். முனகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை நீளமான போல்ட் இரண்டும், அடித்தோல் வெட்டின வட்டங்களும் கொண்டுவந்தார். ஷூவின் அடியில் போடுகிற கெட்டியான தோல், நாணயம் மாதிரி பஞ்ச் அடித்து, நடுவில் ஓட்டை. டிவியின் முதுகில் மேல்பக்கத்து இரண்டு ஓட்டைக்கும் தலைக்கு ஏழு வட்டம் அடுக்கி, போல்ட்டை முறுக்கினார். டிவி தலையைக் குனிந்து அறைக்குள் எட்டிப்பார்த்தது. நாற்காலியில் சாய்ந்து பார்த்தேன். நெற்றி நெற்றியாக இருந்தது. மலிவுச் சரக்கு மலிவுச் சரக்குதான். இருட்டுக் காட்சியில் வாய்கள் இன்னும் தெரியவில்லை, கறுப்பு இன்னும் கறுப்பாக இல்லை. அதைச் செய்து விற்றவர்கள் மேல் என் கோபம் தீரவில்லை, தீரப்போவதும் இல்லை.

மாப்பிள்ளை ஸ்பேனரோடு வாசற்படியில் நின்று பார்த்தார். "மாமா, இப்ப எனக்கு இங்கருந்து ஒரு மாதிரி மங்கலா தெரியுது."

"உக்காந்து பாருங்க."

தயங்கினார். பிறகு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். விளம்பரம் வந்தது.

"மெரூன்தான் மாமா," என்றார்.

"மெரூன் இல்ல. அரக்கு," என்றேன்.